அக்குன்ட்சு: யாரும் கைவிடாத ஒரு மொழி

பிரேசிலின் மேற்கில், பொலிவியா எல்லையை ஒட்டி, ரொண்டோனியா என்று ஒரு மாநிலம். அதன் தெற்குப் பகுதியில் ஒமேரே என்ற சிற்றாறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில், நாலாபுறமும் மாட்டுப் பண்ணைகளும் சோயா வயல்களும் நெருக்கி நிற்க, நடுவில் மிஞ்சிப்போன ஒரு துண்டுக் காட்டுக்குள் அக்குன்ட்சு என்ற மொழி பேசப்படுகிறது. இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மூன்று பெண்கள். 1995இல் அரசாங்கத்தின் ஆட்கள் இவர்களை முதன்முதலாகச் சந்தித்தபோது ஏழு பேர் இருந்தார்கள்.

மொழி அழிவு பற்றி நாம் வழக்கமாகப் படிப்பது வேறு மாதிரி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெரிய மொழியைப் படிக்கிறார்கள், வேலைக்காக நகரத்துக்குப் போகிறார்கள், பாட்டி பேசுவது பேரனுக்குப் பாதிதான் புரிகிறது, இரண்டு மூன்று தலைமுறையில் மொழி தேய்ந்துவிடுகிறது. பெரும்பாலான சிறு மொழிகளுக்கு நடப்பதும் இதுதான். ஆனால் அக்குன்ட்சுவுக்கு இது நடக்கவே இல்லை. அந்த மக்களில் ஒருவர்கூடத் தங்கள் மொழியை விடவில்லை, மறக்கவில்லை, இன்னொன்றுக்கு மாறவில்லை. மிஞ்சிய ஏழு பேரும் காலையிலிருந்து இரவு வரை அதை மட்டுமே பேசினார்கள், வேறு மொழி அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களைத்தான் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 'அழியும் மொழிகள்' என்ற நீண்ட பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அதில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை என்று நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மொழியின் உறவுமுறையைப் பார்த்துவிடலாம். அக்குன்ட்சு துபி மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் பெரிய குடும்பங்களில் ஒன்று அது, பத்துக் கிளைகள் கொண்டது. 1500இல் போர்த்துகீசியர் வந்து இறங்கியபோது பிரேசில் கடற்கரை நெடுகிலும் அவர்கள் அதிகம் கேட்டது இந்தக் குடும்பத்தின் துபி-குவரானிக் கிளை மொழிகளைத்தான் (நாம் சாப்பிடும் அன்னாசியின் பெயர்கூட அந்தக் கிளையிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததுதான்). அதே கிளையைச் சேர்ந்த குவரானியைப் பராகுவேயில் இன்று பல லட்சம் பேர் பேசுகிறார்கள், 1992 அரசியலமைப்பின்படி ஸ்பானியத்தோடு அதுவும் அந்த நாட்டின் ஆட்சிமொழி. ஆக, துபிக் குடும்பம் முழுவதுமே அழிகிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு கிளை கண்டம் முழுக்கப் பரவியது, மற்ற கிளைகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டன.

அந்தப் பிறந்த இடம் எது என்று கேட்டால், பதில் ரொண்டோனியா. பத்துக் கிளைகளில் ஐந்து ரொண்டோனியாவிலும் அதன் ஓரத்திலும் மட்டுமே பேசப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் மொழிகள் எங்கே ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டு, நெருக்கமாக அருகருகே இருக்கின்றனவோ, அங்கேதான் அந்தக் குடும்பம் நீண்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்களின் பொதுவான கணிப்பு. பிரேசிலின் புகழ்பெற்ற மொழியியலாளர் ஆர்யோன் ரொட்ரிகெஸ் 1960களிலேயே இதைச் சொல்லி, மூலத் துபி மொழி சுமார் 5000 வருடங்களுக்கு முந்தையது என்று மதிப்பிட்டார். அப்படியானால், ரொண்டோனியாவில் ஒரு சின்ன மொழி போவதும் கடற்கரைத் துபி-குவரானிக் கிளையில் ஒரு சின்ன மொழி போவதும் ஆராய்ச்சிக்குச் சமமான இழப்பு இல்லை. இங்கே போவது வேர்ப்பக்கம்.

ஐந்து கிளைகளில் ஒன்றின் பெயர் துபரி. துபரி, மகுராப், வயோரோ, சகுராபியாட், அக்குன்ட்சு என்று அதில் ஐந்து மொழிகள். சகுராபியாட்டை மெக்கென்ஸ் என்றும் சொல்வார்கள், அதுதான் அக்குன்ட்சுவுக்கு மிக நெருங்கிய சொந்தம். ஐந்துமே குவாபொரே ஆற்றில் போய்க் கலக்கும் சிற்றாறுகளின் கரையில் இருந்த மொழிகள். இந்த மக்கள் எல்லோருக்கும் பொதுவான பழக்கங்கள் நிறைய உண்டு: பனை வகை ஒன்றின் நாரில் பின்னும் 'மரிக்கோ' என்ற சுமைப் பை, சோளத்திலோ மரவள்ளியிலோ புளிக்கவைக்கும் சிச்சா, சடங்கில் மூக்கால் உறிஞ்சும் பொடி. அந்த மரிக்கோ பையின் பெயரையே இந்த வட்டாரப் பண்பாட்டுக்கு மானுடவியலாளர்கள் வைத்துவிட்டார்கள். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு ஒத்து வாழ்ந்த ஐந்து மக்கள், ஐந்து மொழிகள். ஆனால் அவை சுருங்கிய விதம் இரண்டு.

அக்குன்ட்சுவிலிருந்தே தொடங்குகிறேன்.

1970இல் ரொண்டோனியாவின் மொத்த மக்கள்தொகை சுமார் 1,11,000. 1980இல் 4,91,000. 1991இல் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபத்தோரு வருடத்தில் பத்து மடங்கு. பிரேசிலின் தெற்கில் நிலமில்லாத விவசாயிகளையும் முதலீட்டாளர்களையும் அமேசானுக்கு அனுப்புவது அப்போதைய ராணுவ அரசின் திட்டம். பிஆர்-364 என்ற நெடுஞ்சாலை அந்த மாநிலத்தின் முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடுகிறது, 1984இல் அதற்குத் தார் போட்டு முடித்தார்கள். போலோநொரோஎஸ்தே என்ற பெயரில் உலக வங்கிக் கடனோடு நடந்த வேலை அது. சாலை வந்தபின் காடு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் இடம் ரொண்டோனியாதான்.

இதில் கொரும்பியாரா வட்டாரத்தில் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1970களில் அரசின் நிலக் குடியேற்றத் துறை அங்கிருந்த காட்டைப் பெரிய பெரிய மனைகளாகப் பிரித்து ஏலம் விட்டது. வாங்கியவர் காட்டை வெட்டிப் 'பயன்பாட்டுக்கு' கொண்டுவர வேண்டும். அங்கே பழங்குடியினர் யாரும் இல்லை என்று பழங்குடித் துறையான ஃபுனாயே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்த சான்றிதழ்கள் அல்ல அவை. இப்போது நிலத்தை வாங்கியவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தன் மனைக்குள் பழங்குடியினர் இருப்பதாகத் தெரியவந்தால் அந்த இடம் முழுவதும் தடைசெய்யப்படும், போட்ட பணம் போகும். யாருக்கும் தெரியாமல் அவர்கள் இல்லாமல் போய்விட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. கையில் இருக்கும் காகிதமும் 'இங்கே ஒருவரும் இல்லை' என்றுதான் சொல்கிறது. காகிதத்தில் இல்லாதவர்களைக் கொன்றால் வழக்கும் வராது. இந்த ஏற்பாடே கொலைக்கான தூண்டுதலாக ஆகிவிட்டது என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நடந்ததை வரிசைப்படுத்தினால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

1985 வாக்கில் ஃபுனாயில் வேலை பார்த்த மார்செலோ தோஸ் சாந்தோஸ் என்பவருக்கு அந்தப் பக்கம் ஒரு படுகொலை நடந்ததாகச் செய்தி கிடைத்தது. போய்ப் பார்த்தால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட குடியிருப்பின் மிச்சம், பயிரிட்ட தோட்டத்தின் தடம், பானைத் துண்டுகள். வின்சென்ட் கரெல்லி என்ற ஆவணப்பட இயக்குநர் கேமராவோடு அங்கே போய்ப் பதிவு செய்தார். ஆதாரம் கையில் இருந்தும் யாரும் ஏற்கவில்லை, சாட்சி சொல்ல ஆளில்லை என்றார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பழங்குடி மனிதரைக் காட்டினால்தான் நிலத்துக்குத் தடை போட முடியும், ஆனால் உயிர் தப்பியவர்களோ வெள்ளைக்காரர் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிகிறவர்கள். பத்து வருடம் இப்படியே போனது. கடைசியில் செயற்கைக்கோள் படங்களில் காட்டுக்கு நடுவே தெரிந்த சின்னச் சின்னத் தோட்டங்களை அடையாளம் வைத்துக்கொண்டு மார்செலோவும் அவர் சகா அல்தாயிர் அல்காயெரும் 1995 செப்டம்பரில் கனோவே என்ற மக்களில் மிஞ்சிய ஒரு குடும்பத்தைச் சந்தித்தார்கள். அவர்கள் காட்டிய வழியில்தான், அடுத்த சில வாரங்களில் அக்குன்ட்சு ஏழு பேரையும் பார்க்க முடிந்தது.

ஏழு பேரில் ஆண்கள் இருவர், மற்றவர்கள் பெண்களும் சிறுமிகளும். தலைவரும் பூசாரியுமான கொனிபுவின் உடம்பில் துப்பாக்கிக் குண்டு பட்ட தழும்பு இருந்தது, இன்னோர் ஆணின் உடம்பிலும் இருந்தது. என்ன நடந்தது என்பதைச் சைகையாலும் பிறகு தங்கள் மொழியாலும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் கழுத்தில் கிடந்த மாலைகளைப் பற்றி அப்போது போனவர்கள் எல்லோரும் சொல்வதுண்டு: முன்பு சிப்பியில் செய்துகொண்டிருந்த மணிகளுக்குப் பதிலாக, பண்ணைக்காரர்கள் வீசிவிட்டுப் போன பூச்சிமருந்துக் கேன்களின் பிளாஸ்டிக்கை வெட்டி, துளையிட்டு, கோத்துப் போட்டிருந்தார்கள். இந்தப் படுகொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒமேரே ஆற்றுப் பழங்குடி நிலம் என்ற பெயரில் சுமார் 26,000 ஹெக்டேர் காடு 2006இல் இவர்களுக்கும் கனோவே குடும்பத்துக்குமாகச் சட்டப்படி உறுதியானது. அதற்குள் ஒருவர் குறைந்துவிட்டார். 2000இல் புயலில் மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்ததில் கடைசிச் சிறுமி இறந்துபோனாள். 2009இல் மூத்த பெண் உருரு இறந்தார். 2016இல் கொனிபு. அதன்பின் மற்ற ஆணும் போய்விட்டார். ஏழு பேரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவு, அந்த மக்களின் முறைப்படி உள்ளுக்குள்ளே கல்யாணம் செய்துகொள்ள இடமில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரே குடும்பமான கனோவேயோடு உறவு ஒரு நாள் நன்றாக இருக்கும், இன்னொரு நாள் பகையாக இருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு: கனோவே மொழி துபிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல, உலகத்தில் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்பில், இரண்டு சின்னக் குடும்பங்கள், ஒன்று பேசுவது மற்றதற்குப் பிறவியிலிருந்து தெரியாத மொழி. பழகப் பழகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மொழியை எப்படிக் கற்பது? கரோலினா கோயேல்யோ அராகோன் என்ற பிரேசில் மொழியியலாளர் 2000களின் நடுவிலிருந்து அங்கே போய்வர ஆரம்பித்தார். கள ஆய்வில் வழக்கமாகச் செய்வது, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் 'இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டு எழுதிக்கொள்வது. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவே பொதுமொழி கிடையாது. அவர்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது, இவருக்கு அக்குன்ட்சு தெரியாது, இரண்டும் தெரிந்த மூன்றாவது ஆள் உலகத்தில் இல்லை. கூடவே இருந்து, அவர்கள் கிழங்கு தோண்டும்போதும் சமைக்கும்போதும் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டு, பதிவு செய்து, தான் புரிந்துகொண்டது சரியா என்று பேசிப் பேசிச் சரிபார்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது. சகுராபியாட் மொழிக்கு அனா விலாசி கலூசியோ 2001இல் எழுதி முடித்திருந்த இலக்கண ஆய்வு, சொந்தக்கார மொழி என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கக் கைகொடுத்தது. 2014இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் அராகோன் சமர்ப்பித்த ஆய்வேடுதான் அக்குன்ட்சுவின் முதல் முழு இலக்கணம். நான்கைந்து பேர் மட்டும் பேசும் மொழிக்கு முழு இலக்கணம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். இத்தனை வருடம் தன் மொழியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதர் சொன்னதைப் புரிந்துகொள்ள வேறு வழியே இருக்கவில்லை என்பதே போதுமான பதில்.

மொழியின் உள்ளமைப்பில் நமக்குப் பழக்கமானவை சில இருக்கின்றன. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ஒன்று, அவரை விட்டுவிட்டுச் சொல்வது ஒன்று. போர்த்துகீசியத்தில் இந்தப் பிரிவு இல்லை, அக்குன்ட்சுவில் இருக்கிறது, அதன் உறவு மொழிகளிலும் இருக்கிறது. செயப்படுபொருள் முன்னால் வந்து வினை பின்னால் வருவதும் நமக்குப் பழகியதுதான். அப்புறம் அவர்களின் துணைவினைகள். 'கதவு திறந்து கிடக்கிறது', 'வண்டி ஓடாமல் நிற்கிறது' என்று நாம் சொல்லும்போது கிட, நில் என்ற வினைகள் உடம்பின் நிலையைச் சொல்லும் வேலையிலிருந்து கொஞ்சம் விலகி வந்து இலக்கண வேலை பார்க்கின்றன. சகுராபியாட்டிலும் அக்குன்ட்சுவிலும் இந்த வகைத் துணைவினைகள் உடல்நிலையை விடாமல் சுமக்கின்றன: ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டுமானால், அவர் உட்கார்ந்து செய்கிறாரா, நின்று செய்கிறாரா, படுத்தபடியா, நடமாடிக்கொண்டா என்பதும் வாக்கியத்திலேயே வந்துவிடும். தமிழுக்கும் இவற்றுக்கும் எந்த இரத்த உறவும் கிடையாது, அப்படி யாராவது கிளப்பினால் நம்ப வேண்டாம். மனித மூளை ஒரே வசதியைத் தொலைதூர இடங்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான், அதுவே ஆச்சரியப்படப் போதுமானது. இவற்றோடு, சடார், பொத்தென்று, சலசலவென்று என்பது போன்ற ஒலிக்குறிப்புகளும் அக்குன்ட்சு பேச்சில் அடிக்கடி வருகின்றன. நடந்த ஒன்றை விவரிக்கும்போது ஒரு முழு வினையின் வேலையையே அவை செய்துவிடுவதும் உண்டு.

சரி, இனி மற்ற நான்கு மொழிகள். இவை சுருங்கிய வழி வேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குவாபொரேயின் கிளையாறுகளில் ரப்பர் எடுக்கும் முதலாளிகள் வந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போனதும் அமேசான் ரப்பருக்கு மறுபடி கிராக்கி ஏறியது. 'பராக்கோன்' என்று சொல்லப்படும் ஆற்றங்கரைக் கிட்டங்கிதான் எல்லாவற்றுக்கும் மையம். கத்தி, கோடாலி, துணி, உப்பு எல்லாம் அங்கே கடனுக்குக் கொடுப்பார்கள், ரப்பர்ப் பாலால் கடனை அடைக்க வேண்டும், கணக்குப் புத்தகம் முதலாளி கையில். கடன் தீரவே தீராது. மகுராப், துபரி, வயோரோ என்று வெவ்வேறு மக்கள் தங்கள் ஊரை விட்டு ஒரே கிட்டங்கியைச் சுற்றிக் குடியேறினார்கள். அங்கே முதலில் பொதுமொழியானது போர்த்துகீசியம் அல்ல, மகுராப்! வேறு மக்களும் மகுராப் கற்றுக்கொண்டார்கள். ஒரு சின்ன மொழி இன்னும் சின்ன மொழிகளுக்கு நடுவில் பெரிய மொழியாக இருந்த காலம் அது. முதலாளியோடும் அரசு அலுவலரோடும் பேசத் தேவைப்பட்ட போர்த்துகீசியம் பிறகு மகுராப்பையும் சேர்த்தே விழுங்கிவிட்டது.

அதோடு நோய். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரான்ஸ் காஸ்பர் என்ற ஆய்வாளர் 1948இல் துபரி மக்களோடு பல மாதங்கள் வாழ்ந்தார். அப்போது அவர்கள் சுமார் 200 பேர். 1955இல் திரும்பிப் போனபோது எழுபது பேர்கூட இல்லை. இடையில், 1954இல், தட்டம்மை வந்திருந்தது. இவ்வளவு சின்னச் சமூகத்தில் மூன்றில் இரண்டு பேர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. கதை சொல்லும் கிழவிகள் முதலில் போவார்கள், சடங்குப் பாட்டுத் தெரிந்தவர்கள் போவார்கள், கட்டிக்கொள்ள முறைப்பெண்ணோ முறைப்பையனோ இல்லாமல் அடுத்த சமூகத்தில் பெண் எடுக்க வேண்டிவரும். அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி, வீட்டில் இருவருக்கும் பொதுவாகப் போர்த்துகீசியம். அரசின் பழங்குடி நிலையமான ரிக்கார்தோ பிராங்கோவுக்குப் பலரைக் கொண்டுபோய் ஒன்றாகக் குடிவைத்தபோது இந்தக் கலப்பு இன்னும் வேகமானது. இப்போது குவாபொரே ஆற்றுப் பழங்குடி நிலம் என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் பத்து வெவ்வேறு மக்கள் அளவில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

விளைவு என்ன? பெலெம் நகரத்துக் கோல்டி அருங்காட்சியகத்தின் மொழியியலாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கில் மகுராப் பேசுகிறவர்கள் ஐம்பது பேர் அளவில், சகுராபியாட் இருபத்துச் சொச்சம், வயோரோ பத்துக்கும் கீழே. சகுராபியாட் மக்களின் நிலத்தில் 1980களில் மரவெட்டிகள் புகுந்து சூறையாடினார்கள். மெக்கென்ஸ் ஆற்றுப் பழங்குடி நிலம் என்று சுமார் 1,05,000 ஹெக்டேர் 1996இல்தான் உறுதியானது. துபரி மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது, சில நூறு பேர் பேசுகிறார்கள். எழுபதுக்கும் கீழே போன ஒரு சமூகம் இவ்வளவு தூரம் மீண்டு வந்திருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை குறைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இதுவே நேரடி மறுப்பு. துபரியின் இலக்கணத்தில் ஆடம் சிங்கர்மன் என்ற மொழியியலாளர் விளக்கியிருக்கும் ஒரு நுட்பமும் உண்டு: தான் கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது வினையில் அதற்கென்று ஒரு விகுதி சேர்க்க வேண்டும். 'அவன் போய்விட்டான்' என்று சொன்னால், போனதைப் பார்த்துச் சொல்கிறீர்களா, காலியான வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா என்பது வினையிலேயே தெரியும்.

ஆக, ஒரே கிளையில் இரண்டு பாதை. அக்குன்ட்சு மக்கள் ரப்பர்க் கிட்டங்கியின் பிடிக்கு வெளியே இருந்ததால்தான் அவர்கள் மொழி கலப்பில்லாமல் முழுசாக இருந்தது, அதே காரணத்தால்தான் அவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லாமல், கொல்ல வசதியாக இருந்தார்கள். மற்ற நால்வரும் கிட்டங்கிக்கும் அரசு நிலையத்துக்கும் வந்ததால் ஒரு பகுதி உயிர் மிஞ்சியது, மொழி தேய்ந்தது. ஒளிந்திருந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை, வெளியே வந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் 'மொழி இழப்பு' என்று சொன்னால், செய்ய வேண்டியதும் ஒன்றே என்று ஆகிவிடும்: பதிவு செய், அகராதி போடு, செயலி தயாரி. வயோரோவுக்கும் மகுராப்புக்கும் இவை உண்மையிலேயே உதவும். 2006இல் சகுராபியாட் கதைகள் அந்த மொழியிலும் போர்த்துகீசியத்திலுமாக நூலாக வந்தன, அப்படிப்பட்ட வேலைகள் இன்னும் வேண்டும். இதே மாநிலத்தின் புருபொரா மொழி துபிக் குடும்பத்தில் தனக்கென்று ஒரு முழுக் கிளையாக நிற்கும் மொழி. அந்த மக்களே இல்லை என்று ஒரு காலத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். 2000க்குப் பிறகு சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றுகூடி 'நாங்கள் இருக்கிறோம்' என்று அறிவித்தபோது, சில முதியவர்களின் நினைவில் மிஞ்சியிருந்த சொற்களைப் பதிவு செய்ய முடிந்தது. அந்தப் பதிவுதான் இப்போது அவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம்.

பதிவுகளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அங்கிருந்த பழங்குடி மொழி ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் சாம்பலாகிவிட்டன. பேசுகிறவர்கள் ஒருவரும் மிஞ்சாத மொழிகளின் பதிவுகளும் அதில் இருந்தன. ரொண்டோனியா மொழிகளின் பதிவுகள் பெரும்பாலும் பெலெம் நகரத்துக் கோல்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அது 1866இல் தொடங்கிய நிறுவனம். ஒரே ஓர் இடத்தில் ஒரே ஒரு பிரதி என்ற நிலைமை எந்த மொழிக்கும் இருக்கக்கூடாது. பதிவின் பிரதி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தந்தக் கிராமம்.

ஆனால் அக்குன்ட்சுவுக்கு அகராதி எந்தப் பிரச்சினையையும் தீர்க்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது நிலம், துப்பாக்கி வராத நிலம், அதுவும் 1970களிலேயே. இது பழைய கதை என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. பிரேசிலின் 1988 அரசியலமைப்பு பழங்குடியினருக்கு அவர்கள் மரபாக வாழும் நிலத்தின்மேல் பூர்வ உரிமை உண்டு என்கிறது. அதற்கு எதிராகப் பண்ணை முதலாளிகள் தரப்பு முன்வைக்கும் வாதம், அரசியலமைப்பு அமலுக்கு வந்த 1988 அக்டோபர் 5 அன்று அந்த இடத்தில் இருந்ததைக் காட்டினால்தான் நிலம் கேட்கலாம் என்பது. உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் இதை நிராகரித்தது. அதே வருட முடிவுக்குள் நாடாளுமன்றம் இதையே சட்டமாக்கிவிட்டது. 1988 அக்டோபரில் அக்குன்ட்சு மக்கள் எங்கே இருந்தார்கள்? அதே காட்டில்தான், தங்கள் ஆட்களைக் கொன்றவர்களிடமிருந்து ஒளிந்துகொண்டு. காட்டுவதற்குக் காகிதம் இல்லை, சாட்சி இல்லை, அவர்கள் இல்லை என்று சொல்லும் காகிதம்தான் இருந்தது. இப்படி ஒரு தேதியை வைத்து உரிமையை அளப்பது, துரத்தியவனின் வேலை எவ்வளவு சுத்தமாக நடந்தது என்பதற்குப் பரிசு கொடுப்பது.

ஒமேரேயிலிருந்து அதிக தூரமில்லாத தனாரு என்ற காட்டில், சுமார் 8,000 ஹெக்டேர் தடைசெய்யப்பட்ட பகுதியில், ஒரு மனிதர் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தன்னந்தனியாக வாழ்ந்தார். குடிசைக்குள் ஆழமான குழி தோண்டும் பழக்கத்தால் அவரைக் குழி மனிதர் என்றே அழைத்தார்கள். அவருடைய மக்களும் இதே நிலப்பறிப்புக் காலத்தில்தான் கொல்லப்பட்டார்கள். யாரோடும் பேச மறுத்துவிட்டார், அது அவர் முடிவு, ஃபுனாயும் அதை மதித்துத் தொலைவிலிருந்து காவல் மட்டும் காத்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று அவர் தன் தொங்குபடுக்கையில் இறந்துகிடந்ததைப் பார்த்தார்கள். அவர் பேசிய மொழியின் ஒரு சொல்கூட எங்கும் பதிவாகவில்லை, அது துபிக் குடும்பமா, வேறா என்பதற்கும் தடயமில்லை. அவர் இறந்த கையோடு அந்தக் காட்டை யார் எடுப்பது என்ற தகராறு தொடங்கிவிட்டது.

ஒமேரேயில் ஃபுனாயின் ஒரு காவல் நிலையம் இருக்கிறது, அதன் ஆட்கள்தான் இன்றைக்கு அந்த மூன்று பெண்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நிற்கிறார்கள். நிலையத்துக்கு ஆள் குறைந்தாலோ பணம் குறைந்தாலோ அந்தத் துண்டுக் காடு எவ்வளவு நாள் தாங்கும் என்பதை ரொண்டோனியாவின் வரைபடத்தைப் பார்த்தாலே யூகித்துவிடலாம். இந்தக் கிளைக்கு எங்காவது நிதி ஒதுக்குவதானால், என் கணக்கில் முதல் இடம் அந்தக் காவல் நிலையத்துக்கு, இரண்டாவது இடம் துபரி பேசும் கிராமங்களின் பள்ளிக்கூடங்களுக்கு. ஆரம்பக் கல்வியைப் பழங்குடியினரின் தாய்மொழியிலும் தர வேண்டும் என்று 1988 அரசியலமைப்பே சொல்கிறது. அங்கே பாடம் நடத்தத் துபரி தெரிந்தவர்கள் இன்று இருக்கிறார்கள், அவர்களை நிரந்தர ஆசிரியர்களாக வேலைக்கு எடுப்பதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.